படம் பழகக் கொழும்புக்கு வருகிறீர்களா? முதலில் நான்கு பேரைத் தேடுங்கள்

சனிக்கிழமை காலைகளில் நான் உதவிக்குப் போகும் பயிற்சி நிலையத்தின் வாசலில் புதிதாக யாராவது நிற்பார்கள். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வந்திருப்பார்கள். சிலர் வவுனியாவிலிருந்து இரவு பஸ் ஏறி, மாமா வீட்டில் முகம் கழுவிக்கொண்டு நேரே வந்திருப்பார்கள். பெயரைச் சொன்ன கையோடு கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, என்ன கமரா வாங்கலாம்?"

வாங்க வேண்டாம் என்பேன். கையில் இருக்கும் போன் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். உங்களிடம் இல்லாதது, விடிய 5 மணிக்கு உங்கள் படத்துக்காக எழும்பி வரக்கூடிய நான்கு பேர். ஒலி எடுக்க ஒருவர், கமரா பிடிக்க ஒருவர், ஓடியாடி ஒழுங்கு பார்க்க ஒருவர், பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எடிட் பண்ண ஒருவர். இந்த நான்கு பேரைச் சந்திக்க இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்த மலிவான வழி, இலாப நோக்கமற்ற ஒரு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி அமைப்பில் சேர்வதுதான். எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் என்ன செய்வது என்பதை, நான் தொடங்கும்போது யாராவது சொல்லித் தந்திருக்கலாமே என்று நினைக்கும் ஒழுங்கில் எழுதுகிறேன்.

சேர முன்பு விசாரியுங்கள்

இலாப நோக்கமற்றது என்றால் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வரும் பணம் யாருடைய பைக்கும் போகாமல் வேலைக்கே திரும்பும் என்பதுதான் அதன் அர்த்தம். கட்டணம் சிறிதாக இருக்கும், சில திட்டங்களில் இல்லாமலும் இருக்கும். மிச்சச் செலவு நன்கொடையிலும், தூதரகங்களும் கலாசார நிலையங்களும் கொடுக்கும் திட்ட உதவியிலும் ஓடும். அதனால் பள்ளிக்கூடம் போல வருடா வருடம் குறித்த மாதத்தில் வகுப்புத் தொடங்காது. உதவி கிடைத்தால் விண்ணப்பம் கோருவார்கள், சில வாரங்களில் மூடிவிடுவார்கள், பிறகு மாதக்கணக்கில் சத்தம் இராது. அறிவித்தல் வந்தபிறகு யோசிக்கத் தொடங்கினால் பிந்திவிடுவீர்கள்.

அமைப்பு உண்மையாகவே பதிவு செய்யப்பட்டதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். இங்கே இப்படியானவை பெரும்பாலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகளுக்குப் பதில் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும்) கம்பனியாக இருக்கும். அல்லது 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிந்திருக்கும். சான்றிதழை வைத்து வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர் இன்னொன்றும் கேட்கவேண்டும்: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, அந்தப் பாடநெறிக்குத் தேசிய தொழிற்தகைமை (NVQ) மட்டம் ஏதும் உண்டா? படம் எடுக்க மட்டுமே வருகிறவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. தொலைக்காட்சித் தொழில்நுட்பத்தை அரச நிறுவனத்தில் முறையாகப் படிக்க விரும்புகிறவர் சுதந்திர சதுக்கத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

என் முதல் அனுபவம் கசப்பானது. பெயர் சொல்லாமல் விடுகிறேன், கட்டணம் வாங்கி நடத்தும் ஓரிடத்தில் அம்மாவின் சீட்டுக் காசைக் கட்டிச் சேர்ந்தேன். நாற்பது பேருக்கு ஒரு கமரா. ஆறு வார இறுதிகளில் அது என் கையில் இருந்தது மொத்தம் பத்து நிமிடம். தடித்த மட்டையில் பொன்னெழுத்துச் சான்றிதழ் மட்டும் வந்தது. அந்த அனுபவத்தில் பிறந்த கேள்விகள் இவை. ஒரு கமராவுக்கு எத்தனை பேர்? வகுப்பு எந்த மொழியில் நடக்கும், தமிழில் விளங்கப்படுத்த யாராவது இருப்பார்களா? பயிற்சி முடிந்தபிறகும் கருவிகளை இரவல் எடுக்கலாமா? எடுக்கும் படத்தின் உரிமை யாருக்கு? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், திரைப்படம் போன்ற படைப்பின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கே போகும். அமைப்பே தயாரிப்பாளராக இருந்தால், நீங்கள் விழாக்களுக்கு அனுப்பலாமா என்பதையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல அமைப்பு இதற்குக் கோபிக்காது.

எல்லாவற்றையும்விட நல்ல பரீட்சை, போன அணியில் படித்தவர்களோடு கதைப்பதுதான். அவர்கள் இன்னும் ஒருவர் படத்தில் ஒருவர் வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். செய்கிறார்கள் என்றால் வேறு விசாரணை தேவையில்லை.

அறிவித்தல் வருவதற்கு முன்

கொழும்பு 7, கறுவாத்தோட்டப் பக்கம் போகப் பழகுங்கள். கிரெகரிஸ் வீதியில் ஜெர்மன் கலாசார நிலையமான கோதே நிறுவனம், பார்ன்ஸ் பிளேஸில் பிரெஞ்சுக் கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸ், பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனமும் அதன் தரங்கனி படக்காட்சி மண்டபமும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஓட்டோவில் நிறைய நேரம் ஆகாது. இங்கே படக்காட்சிக்குப் போனால் விளக்குப் போட்டதும் எழும்பி ஓடாதீர்கள். வெளியே தேத்தண்ணியோடு நின்று கதைப்பவர்களில்தான் உங்கள் நான்கு பேரில் ஒருவர் இருப்பார். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் நடந்துவரும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் ஒரு தடவையாவது போய் வாருங்கள். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியக் காலையில் அங்கே நிற்கலாம்.

விண்ணப்பக் கடிதம்

அடையாள அட்டைப் பிரதி, தன்விபரக் கோவை, கதைச் சுருக்கம் எல்லாம் வழமையானவை. தெரிவைத் தீர்மானிப்பது கடிதம். "சிறுவயதிலிருந்தே எனக்குச் சினிமாவில் தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். தெரிவுக் குழு அன்று காலையிலிருந்து அதே வரியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கும்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி ஒருத்தி எழுதிய கடிதம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. ஏறக்குறைய இப்படி இருந்தது: "டிசம்பர் வந்தால் அம்மா மற்றப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை தைப்பா. எங்களுக்கு ஒரு அறைதான். மெஷின் சத்தத்தில்தான் நானும் தம்பியும் நித்திரை கொள்ளுவோம். மெஷின் நின்றால் எனக்கு முழிப்பு வந்துவிடும், நூல் அறுந்துபோச்சோ அம்மாவுக்கு ஏதும் ஆகிப்போச்சோ என்று." அவ்வளவுதான், மிச்சம் நாலு வரி. அவள் அதற்கு முன் கமராவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அவளுக்குப் பார்க்கவும் கேட்கவும் தெரியும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. உங்கள் வீட்டில், ஒழுங்கையில், வேலைத்தளத்தில் நீங்கள் மட்டும் கவனித்த ஒன்றை அப்படியே எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சுருக்கம் கேட்டால் நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, கீழே அவர் உதவியதையும் குறிப்பிடுங்கள்.

நேர்முகத்தில் "டைரக்ஷன் தவிர வேறு என்ன வேலைக்கு விருப்பம்?" என்று கேட்பார்கள். அநேகம் பேர் இந்த இடத்தில் திணறிப்போகிறார்கள். ஒரு வேலையைச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். எதைச் சொல்லலாம் என்று என்னைக் கேட்டால், ஒலி.

ஒலிப் பக்கம் போங்கள்

அநேகமான அமைப்புகளில் வேலைகளை மாற்றி மாற்றிச் செய்விப்பார்கள். இன்றைக்கு இயக்குநர், நாளைக்கு கிளாப் போர்ட் பிடிப்பவர். கமராவுக்குப் பத்துக் கை நீளும். ஒலிவாங்கி மாட்டிய பூம் கம்பைத் தூக்க யாரும் முன்வர மாட்டார்கள். நீங்கள் தூக்குங்கள். ஒலி எடுக்கத் தெரிந்தவரை எல்லோரும் தங்கள் படத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆறு மாதத்தில் ஐந்து படத்தில் நிற்பீர்கள், ஐந்து இயக்குநர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள். உங்கள் முறை வரும்போது அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டிருப்பார்கள்.

எங்கள் முதல் குறும்படத்தை வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் எடுத்தோம். அக்காவும் தங்கையும் காணி உறுதி ஒன்றைப் பற்றிக் கதைக்கும் காட்சி. படம் அருமையாக வந்திருந்தது. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அக்காவின் முகத்தைக் காட்டும் ஷொட்டில் ரயில் சத்தம் கேட்கிறது, தங்கையின் ஷொட்டில் அது இல்லை. ஒரே வாக்கியத்தின் நடுவில் ரயில் வந்து வந்து மறைந்தது. தங்கையாக நடித்தவர் அதற்குள் மட்டக்களப்புக்குப் போய்விட்டார். திரும்ப எடுக்க வழியில்லை. அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

அதன்பிறகு கற்றதைச் சொல்கிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் படம் எடுத்தால் கரையோர ரயில் நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ரயில் வந்தால் நிறுத்துங்கள், சத்தம் முழுதாக ஓயும்வரை காத்திருங்கள். ரயில் சத்தம் கதைக்கு வேண்டுமென்றால் அதைத் தனியே பதிந்து எடிட்டிங்கில் போடலாம். அறைக்குள் போனதும் கண்ணை மூடி ஒரு நிமிடம் நில்லுங்கள். மின்விசிறி, ஏசி, மேல்மாடித் தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு ரிவி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கும். நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தும்போது உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். ஒலிப்பதிவாளர்கள் பலர் கைக்கொள்ளும் பழைய வழி இது. சாவி இல்லாமல் வீட்டை விட்டுப் போக முடியாது, சாவியை எடுக்கும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்கவும் முடியாது. வீட்டுக்காரரின் மீன் பழுதாகாவிட்டால் அடுத்த தடவையும் வீடு தருவார்.

பூமைப் பேசுபவரின் தலைக்கு மேலே, படச்சட்டத்துக்குள் வராத அளவுக்குக் கிட்டவாகப் பிடித்து, நுனியை வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவாகச் சரியுங்கள். எட்டத்திலிருந்து சத்தத்தைக் கூட்டிப் பதிவதைவிட ஒரு சாண் கிட்டப் போவது எப்போதும் நல்லது. ஒலிப்பதிவுக் கருவியை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துப் பதியுங்கள். பேச்சு உயரும் இடங்களில் அதன் ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும், அழுகையோ சண்டையோ வந்தாலும் மேலே இடம் இருக்கும். ஹெட்போனைக் கழற்றவே கூடாது. காட்சி முடிந்ததும் எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதியுங்கள். பசியோடு இருக்கும் குழு முணுமுணுக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். வசனங்களுக்கு நடுவில் இடைவெளியை நிரப்ப எடிட்டருக்கு அந்த ஒரு நிமிடம்தான் கைகொடுக்கும்.

கமராவுக்குப் போகிறவருக்கு ஒன்றே ஒன்று சொல்லலாம். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் நேரம் செக்கனில் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் டியூப் லைட்டுக்குக் கீழே படம் மினுங்காது. போனில் வாங்கியபோது இருந்த 30 ஃப்ரேமை அப்படியே விட்டு எடுத்த படங்களில்தான் கடைச் சுவரெல்லாம் துடிக்கும்.

மூன்று மொழிக் குழு

கொழும்பில் தமிழர் மட்டும் சேர்ந்து குழு அமைக்கலாம். நான் அதை விரும்புவதில்லை. 1947 ஜனவரியில் திரைக்கு வந்த முதல் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். முப்பது வருடம் கழித்து, 1977இல், யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட 'பொன்மணி'யைத் தமிழில் இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். இந்த நாட்டின் சினிமா தொடக்கத்திலிருந்தே கலந்து செய்த வேலை. பயிற்சி அமைப்பில் அந்தக் கலப்பு உங்களுக்குத் தானாகக் கிடைக்கிறது, கைநழுவ விடாதீர்கள்.

சிங்களம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். "லேஸ்தித?" என்றால் தயாரா, "நிஷ்ஷப்த வென்ன" என்றால் அமைதியாக இருங்கள், "தவ எகக்" என்றால் இன்னும் ஒன்று. முதல் நாளுக்கு இந்த மூன்றும் போதும். மற்றப்படி கட், ஆக்ஷன், ரோலிங் எல்லாம் மூன்று மொழிக்கும் பொது. வசனத் தாளை மட்டும் இரண்டு பத்தியாக அடியுங்கள், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களத்தில் கருத்து. எங்கே மூச்சு, எங்கே மௌனம் என்று விளங்காமல் கமராக்காரரால் முகத்தைப் பின்தொடர முடியாது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கையும் தமிழ் ஸ்கிரிப்டில் நம்பாதீர்கள். நம் எழுத்துக்கள் இடம் பிடிக்கும். வாய்விட்டு வாசித்து, கடிகாரத்தில் நேரம் எடுங்கள்.

தெருவில் இறங்கும்போது

இதில் கவனக்குறைவு கூடாது. அமைப்பின் கடிதத் தலைப்பில், படத்தின் பெயர், நாள், இடம், குழுவினரின் பெயர்கள் எழுதிய கடிதத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வாங்கி வைத்திருங்கள். அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு பிரதியைக் கொடுங்கள். எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்கவேண்டும். நம் பிள்ளைகளைத் தெருவில் மறித்துக் கேள்வி கேட்ட காலத்தின் நினைவு எத்தனையோ பெற்றோருக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கடிதம் உங்கள் அம்மா நிம்மதியாக இருக்கவும் உதவும்.

பூங்கா, கடற்கரை, மாநகர சபைக்குச் சொந்தமான இடங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். ரயில் நிலையத்துக்கு ரயில்வேத் திணைக்களத்திடம் எழுதவேண்டும், தண்டவாளத்தில் இறங்கி நடப்பதே குற்றம் என்பதால் அந்த அழகான ஷொட்டை மறந்துவிடுங்கள். ட்ரோனைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. இராணுவச் சாவடி, துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். கோயில் என்றால் பூசகரிடம் கேட்டால் போதாது, பரிபாலன சபையிடம் கேளுங்கள். கடை என்றால் முதலாளியிடம் மட்டுமல்ல, கல்லாவில் நிற்கும் தம்பியிடமும் முகம் படத்தில் வரலாமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் காசு ஒதுக்காமல் படப்பிடிப்பு வைக்காதீர்கள். சம்பளம் இல்லாமல் வருகிறவர்களுக்கு நேரத்துக்குச் சோற்றுப் பார்சல் கொடுப்பது மரியாதை. முதல் நாளே யார் சைவம், யாருக்கு ஹலால், யார் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார் என்று கேட்டு எழுதுங்கள். பகல் 12:30க்குப் பார்சல் வந்தால் பின்னேரக் காட்சி ஓடும். 2 மணியானால் ஓடாது.

அன்று எடுத்ததை அன்றிரவே மூன்று பிரதி ஆக்குங்கள். இரண்டு வேறு டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். அதுவரை மெமரி கார்டை யாரும் அழிக்கக் கூடாது.

படம் முடிந்தபின்

எடிட்டிங்கில் சினிமாப் பாட்டு எதையும் போடாதீர்கள். ஒரு வரி என்றாலும் விழாவோ தொலைக்காட்சியோ உரிமைக் கடிதம் கேட்கும். பக்கத்து வீட்டில் வயலின் பழகும் பிள்ளை சொந்தமாக வாசித்ததைப் பதிந்தால் அந்தப் பதிவு உங்களுடையது, அந்தப் பிள்ளையிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உபதலைப்புப் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வாசித்து முடிக்கும்வரை நிற்கட்டும். தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, அவர் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கிறாரா என்று பாருங்கள்.

பொதுமக்களுக்கு மண்டபத்தில் காட்டுவதானால் பொது அரங்காற்றுகைகள் சபையின் சான்றிதழ் வேண்டும், அதற்கு நாட்கள் எடுக்கும். விளம்பரம் அடிக்க முன்பே விண்ணப்பியுங்கள். நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற தமிழ் அலைவரிசைகளுக்குக் கொண்டுபோகும்போது முழுப் படத்தோடு இரண்டு நிமிடத் துண்டொன்றும், ஒரு பக்கக் குறிப்பும் தனியே கொடுங்கள். அங்கே உள்ளகப் பயிற்சி கிடைத்தால் சம்பளம் குறைவென்று விடாதீர்கள். தினமும் நேரத்துக்கு முடிக்கும் பழக்கத்தை அங்கேதான் படிக்கலாம்.

இரவல் எடுத்த கருவிகளைச் சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டரிகளைச் சார்ஜ் பண்ணி, கேபிள்களை முறுக்கில்லாமல் வட்டமாகச் சுற்றி, லென்ஸைத் துடைத்துக் கொடுங்கள். ஏதாவது பழுதென்றால் மறைக்காமல் சிறு துண்டில் எழுதிப் பைக்குள் வையுங்கள். போன வாரம் பூம் பையைத் திறந்தபோது அப்படி ஒரு துண்டு இருந்தது, அந்தக் கொட்டாஞ்சேனைத் தங்கச்சியின் கையெழுத்தில்: "இரண்டாவது கேபிள் வளைந்தால் இரைச்சல் வருது. நீல டேப் சுத்தியிருக்கிறன். மற்றது நல்லா இருக்கு, அதைப் பாவியுங்கோ."